கடல்ல பெரிய மீன் புடிக்க ராடு, ரீல் எப்படி செலக்ட் பண்றது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னைலயும் தூத்துக்குடிலயும் ஃபைபர் படகுல போய் வஞ்சிரம், ஷீலா, தோல்பாறைன்னு புடிச்சு பழகினவங்க அடுத்து மயில் கோலா (செய்ல்ஃபிஷ்), பெரிய சூரை (ட்யூனா), அந்தமான் ஜி.டி. (ஜயன்ட் ட்ரெவல்லி) பாறைன்னு கண்ணு வெக்க ஆரம்பிச்சா ஒடனே கேக்குற கேள்வி "எந்த ரீல் வாங்கலாம்ணே" தான். கம்பெனி பேர மட்டும் பதிலா சொன்னா பிரயோஜனம் இல்ல, அதனால நிறைய பேர் கேக்குறத மொத்தமா ஒரே எடத்துல எழுதிட்டேன். ஒரு விஷயத்த திரும்பத் திரும்ப சொல்லியிருப்பேன்: டிராக், அதாவது ரீலோட பிரேக்கு, அந்த கணக்கு தெரியாம கடைக்கு போகாதீங்க.

மொதல்ல ராடு வாங்கணுமா, ரீல் வாங்கணுமா?

ரெண்டும் அப்புறம். எந்த மீனு, அத எப்படி புடிக்கப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. படகு ஓடிட்டே இருக்க பின்னாடி லூர் (செயற்கை இரை) இழுக்கிற ட்ரோலிங்கா, பாறை ஓரமா பாப்பர் (தண்ணி மேல சத்தம் போடுற லூர்) வீசி அடிக்கிறதா, 80 மீட்டர் ஆழத்துல ஜிக் (கனமான உலோக லூர்) எறக்குறதா. அது தெரிஞ்சா நரம்பு, அதாவது தூண்டில் நூல், எவ்ளோ கனம்னு தெரியும், நரம்பு தெரிஞ்சா டிராக் எவ்ளோன்னு தெரியும், அந்த டிராக்க தாங்குற ரீல், அந்த ரீலுக்கு ஏத்த ராடு, இந்த வரிசைலதான் போகணும். இத தலைகீழா பண்ணி மொதல்ல ஆஃபர்ல ஒரு பெரிய ரீல வாங்கிட்டு அதுக்கு ராடு தேடி அலையறவங்க ரொம்ப பேர்.

டிராக்னா சரியா என்ன, ஏன் அத பத்தியே பேசுறீங்க?

மீன் இழுக்கும்போது ஸ்பூல், அதாவது ரீல்ல நரம்பு சுத்தியிருக்கிற உருளை, ஒரு அளவு பலத்துக்கு மேல வழுக்கி நரம்ப விடணும், அந்த பிரேக்குதான் டிராக். மீன சோர்வாக்குறது ராடும் இல்ல உங்க கையும் இல்ல, இந்த பிரேக்குதான்.

இது இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு. கலிஃபோர்னியா பக்கத்துல கேட்டலினா தீவுல 1898ல சார்லஸ் ஹோல்டர்ங்கிறவரு 183 பவுண்ட் ப்ளூஃபின் சூரைய ராடு ரீல்ல புடிச்சாரு, அதே வருஷம் அங்கயே ட்யூனா கிளப்பும் ஆரம்பிச்சாரு. அந்த ரீலுக்குள்ள டிராக்னு ஒண்ணு கெடையாது, ஒரு தோல் பட்டைய ஸ்பூல் மேல கட்டைவெரலால அழுத்தி நிறுத்தணும், மீன் ஓடும்போது கைப்பிடி பின்பக்கமா வேகமா சுத்தி வெரல பேத்துடும். அப்புறம் 1913ல அதே தீவுக்கு பக்கத்துல வில்லியம் பாஷன்னு ஒருத்தர் உள்ளயே டிராக் வெச்ச ரீல்ல 355 பவுண்ட் வாள்மீன புடிச்சாரு. அதுக்கப்புறம்தான் இந்த ஆட்டமே மாறுச்சு.

கணக்கு என்னன்னா, நைலான் நரம்போட அறுபடுற பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல டிராக் வெக்காதீங்க. 30 பவுண்ட் நரம்புன்னா சுமார் 4 - 4.5 கிலோ, 50 பவுண்டுக்கு 7 கிலோ, 80க்கு 11 - 12 கிலோ, 130க்கு 18 - 20 கிலோ. மீதி ரெண்டு பங்கு ஏன் சும்மா விடணும்னு கேப்பீங்க. ஸ்பூல்ல நரம்பு கொறைய கொறைய டிராக் தானா ஏறும், நரம்பு சுத்தோட விட்டம் பாதியா ஆயிடுச்சுன்னா நீங்க எதையும் தொடாமலே டிராக் ரெண்டு மடங்கு. அதோட 300 மீட்டர் நரம்பு தண்ணிக்குள்ள வில்லா வளைஞ்சு இழுபடும்போது தண்ணியோட தடை தனியா சேரும், முடிச்சு போட்ட எடம் வேற கொஞ்சம் பலம் கொறைஞ்சிருக்கும். இதெல்லாம் அந்த மீதி பங்குலேருந்துதான் போகுது. மீன் தூரமா ஓடிடுச்சுன்னா டிராக்க ஏத்தணும்னு கை பரபரக்கும், அப்போ கொறைக்கிறதுதான் சரி.

டிராக்க எப்படி அளக்குறது?

ஏர்போர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி சூட்கேஸ தொங்கவிட்டு எடை பாக்குற டிஜிட்டல் தராசு இருக்கில்ல, அது போதும். நரம்ப ராடு கைடு எல்லாத்துலயும் கோர்த்து நுனில ஒரு லூப் போட்டு தராசு கொக்கில மாட்டுங்க. ஒரு ஆள் ராட 45 டிகிரில புடிச்சு நிக்கணும், இன்னொரு ஆள் தராச புடிச்சிட்டு நேரா பின்னாடி நடக்கணும், வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, மெதுவா. ஸ்பூல் மொத தடவை அசையற அந்த நொடில ஒரு நம்பர் காட்டும், ஓட ஆரம்பிச்ச அப்புறம் ஒரு நம்பர் காட்டும். இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கம்மியா இருந்தா அது நல்ல ரீல். மொதல்ல 7 கிலோ காட்டி திடீர்னு 4க்கு எறங்கி மறுபடி 6னு குதிச்சா அந்த டிராக் வாஷர்ல பிரச்சனை இருக்கு, பெரிய மீன் வெடுக்குன்னு இழுக்கிற நேரத்துல நரம்பு அறுந்துடும்.

பெட்டில "மேக்ஸ் டிராக் 25 கிலோ"ன்னு போட்டிருக்கும், அத பாத்து மயங்காதீங்க. 25 கிலோவ நின்னுட்டு தாங்குற மனுஷன் ரொம்ப கம்மி. சந்தேகமா இருந்தா வீட்ல ராடு நுனி நரம்புல 10 கிலோ அரிசிப் பைய கட்டி தரைலேருந்து தூக்கி அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க, இடுப்பு சொல்லிடும். அந்த 10 கிலோல அலுங்காம ஓடுற டிராக்குக்குதான் காசு கொடுக்கணும்.

லீவர் டிராக்கா, ஸ்டார் டிராக்கா?

லீவர் டிராக்னா ஒரு நெம்புகோல தள்ளி டிராக்க ஏத்துறது, ஸ்டார் டிராக்னா கைப்பிடி பக்கத்துல இருக்கிற நட்சத்திர சக்கரத்த திருப்பி ஏத்துறது. ட்ரோலிங்குக்கு லீவர் டிராக்தான், யோசிக்கவே வேணாம். லீவர் ஃப்ரீல இருந்தா ஸ்பூல் சும்மா சுத்தும், ஸ்ட்ரைக்குக்கு தள்ளினா நீங்க முன்னாடியே அளந்து வெச்ச டிராக் வந்துடும், அதையும் தாண்டி ஃபுல்லுன்னு ஒண்ணு இருக்கும். மீனோட போராடுற நேரத்துல லீவர் எங்க நிக்குதுன்னு ஒரு பார்வைல தெரிஞ்சிடும், ஸ்டார் டிராக்குல எத்தனை சுத்து திருப்பினோம்னு ஞாபகம் வெச்சுக்கணும்.

செட் பண்ற மொறை: லீவர ஃப்ரீக்கு கொண்டு வாங்க, ப்ரீசெட் குமிழ கொஞ்சம் திருப்புங்க, லீவர ஸ்ட்ரைக்குக்கு தள்ளி தராசுல பாருங்க, பத்தலன்னா மறுபடி ஃப்ரீக்கு வந்துட்டுதான் குமிழ தொடணும். லீவர் ஸ்ட்ரைக்ல இருக்கும்போது குமிழ திருப்பினா உள்ள பேரிங், கேம் மேல தேவையில்லாத அழுத்தம் வரும். ப்ரீசெட்ட ரொம்ப ஏத்திட்டா ஃப்ரீல கூட ஸ்பூல் சரியா சுத்தாது, அப்படி ஆனா அந்த ரீல் அந்த டிராக்குக்கு ஆனது இல்லன்னு அர்த்தம், அடுத்த சைஸ் பாருங்க.

ஸ்டார் டிராக் கெட்டது இல்ல. களவா, சங்கரான்னு அடிமட்டத்துல தூண்டில் போடுறதுக்கு அது வெல கம்மி, ரிப்பேரும் ஈஸி.

ரீல் மேல 30, 50, 80னு போட்டிருக்கே?

அது நரம்போட பவுண்ட் கிளாஸ். பென் இன்டர்நேஷனல், ஷிமானோ டியாக்ரா மாதிரி ட்ரோலிங் ரீல் எல்லாம் இந்த கணக்குலதான் வரும், பக்கத்துல டபிள்யூ இருந்தா ஸ்பூல் அகலம் ஜாஸ்தி, நரம்பு நெறைய புடிக்கும். உலக ரெக்கார்டு பாக்குற ஐ.ஜி.எஃப்.ஏ.ங்கிற அமைப்பு 1939லேருந்து இருக்கு, அவங்களோட பெரிய கிளாஸ் எல்லாம் 10, 15, 24, 37, 60 கிலோ, அதாவது 20, 30, 50, 80, 130 பவுண்ட்.

நம்ம பக்கத்து மயில் கோலாவுக்கு 20 - 30 கிளாஸ் தாராளம். எல்லாத்துக்கும் ஒரே செட்டுதான் வேணும்னா 30 எடுங்க, வஞ்சிரத்துக்கும் ஆகும், நடுத்தர சூரைக்கும் ஆகும். கொப்பரன், அதான் மார்லின், அது மாட்டுற எடத்துக்கு போறீங்கன்னா 50 இல்லன்னா 80. 130ங்கிறது நாற்காலில பெல்ட் போட்டு ஒக்காந்து இழுக்கிற சாமான். 1953 ஆகஸ்ட்ல பெரு நாட்டுல காபோ பிளாங்கோங்கிற எடத்துல ஆல்ஃப்ரெட் கிளாசல் 1560 பவுண்ட் கருப்பு மார்லின் புடிச்சாரே, அந்த மாதிரி மீனுக்கானது. ஃபைபர் படகுல 130 கிளாஸ் ரீல தூக்கிட்டு வராதீங்க, அத மாட்டுறதுக்கு படகுல எடமே இருக்காது.

ஸ்பின்னிங் ரீல்ல பெரிய மீன் வருமா?

நல்லாவே வரும். ஜி.டி.ய பாப்பர் வீசி புடிக்கிறது முழுக்க ஸ்பின்னிங் ரீல்தான். இந்த மீனோட ஐ.ஜி.எஃப்.ஏ. ரெக்கார்டு 72.8 கிலோ, 2006ல ஜப்பான்ல ககோஷிமா பக்கம் புடிச்சது. அந்தமான்ல அதுல பாதி சைஸ் மாட்டினாலே லூர அடிச்ச ஒடனே நேரா பாறைக்குள்ள போகப் பாக்கும், மொத பத்து செகண்ட்ல நிறுத்தலன்னா நரம்பு பவளத்துல ஒரசி அறுந்துரும். அதனால இங்க டிராக் ஆரம்பத்துலயே 10 - 12 கிலோ வெப்பாங்க, அத தாங்க 14000லேருந்து 20000 சைஸ் ரீல் வேணும். நம்பர் எல்லா கம்பெனிக்கும் ஒண்ணு இல்ல, அதனால நம்பர விட பி.ஈ. 8 நரம்பு (பி.ஈ.ன்னா என்னன்னு கீழ சொல்றேன்) 300 மீட்டர் புடிக்குதான்னு பாருங்க.

கியர் விஷயம்: ஷிமானோல பி.ஜி.ன்னா மெதுவா சுத்தும், பலம் அதிகம். எச்.ஜி. நடுவுல, எக்ஸ்.ஜி. வேகம். பாப்பருக்கு எச்.ஜி. இல்லன்னா எக்ஸ்.ஜி. நல்லது, ஏன்னா ஒவ்வொரு தடவை பாப்பர இழுத்து விட்டதும் தொய்வா நிக்கிற நரம்ப சட்டுன்னு சுருட்டணும், அந்த நேரம் பாத்துதான் மீன் அடிக்கும். ஆழத்துல ஜிக்குக்கு பி.ஜி. இருந்தா கை கொஞ்சம் தப்பிக்கும்.

டூ ஸ்பீடு (ரெண்டு கியர்) ரீல் தேவையா?

50 கிளாஸுக்கு மேல கண்டிப்பா. பெரிய சூரை கடைசி நேரத்துல படகுக்கு நேர் கீழ வட்டம் போட்டு நிக்கும், வேக கியர்ல கைப்பிடி அசையாது, பட்டன அமுக்கி லோ கியர்ல போட்டா கொஞ்சம் கொஞ்சமா ஏறி வரும். 30க்கு கீழ அந்த காச ராடுல போடுங்க.

பி.ஈ. 8னா 8 பவுண்டா? பிரெய்டா (பின்னல் நரம்பு), தங்கூஸ் நரம்பா (நைலான்)?

பி.ஈ.ங்கிறது ஜப்பான்காரங்க பிரெய்டு நரம்போட கனத்துக்கு வெச்ச அளவு. பி.ஈ. 1 சுமார் 0.165 மில்லிமீட்டர். பலம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், பி.ஈ. 8 பொதுவா 100 பவுண்ட் பக்கம் வரும். ராடுலயும் பி.ஈ. 8, பி.ஈ. 10னு போட்டிருக்கும், அந்த ராடு அந்த நரம்புக்கு ஆனதுன்னு அர்த்தம்.

வீசுறதுக்கும் ஜிக்குக்கும் பிரெய்டு, மறு பேச்சு இல்ல. நீளாது, மெல்லிசு, கீழ மீன் தொடுறது கைல தெரியும். ட்ரோலிங்குக்கு என் ஓட்டு இன்னும் நைலானுக்குதான், மீன் பாய்ஞ்சு லூர அடிக்கிற அதிர்ச்சிய அது நீண்டு வாங்கிக்கும், பிரெய்டு வாங்காது, மயில் கோலாவுக்கு வாய் ஓரம் கிழிஞ்சு முள்ளு கழண்டுடும். நரம்பு நெறைய வேணும்னா அடில பிரெய்டு, மேல ஒரு 100 மீட்டர் நைலான்னு சேத்து போடுங்க. லீடர், அதாவது லூர் பக்கம் கடைசியா கட்டுற தடிச்ச நரம்பு, தனி. ஜி.டி.க்கு 130லேருந்து 200 பவுண்ட் நைலான் ஒரு ரெண்டு மூணு மீட்டர்.

பிரெய்டு சுத்தும்போது ரெண்டு விஷயம். வெறும் ஸ்பூல்ல நேரா கட்டினா மொத்த நரம்பும் ஒரு வளையமா ஸ்பூல் மேல வழுக்கி சுத்தும், டிராக் போயிடுச்சுன்னு நெனப்பீங்க, அடில கொஞ்சம் நைலானோ டேப்போ போட்டுட்டு ஆரம்பிங்க. இன்னொண்ணு, ஈரத் துணில நரம்ப இறுக்கிப் புடிச்சு நல்ல டென்ஷன்ல சுத்தணும், தளர்வா சுத்தினா பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள பொதைஞ்சு லாக் ஆகிடும்.

ராடு எவ்ளோ நீளம்?

நீளமான ராடு வீசுறதுக்கு நல்லது, போராடுறதுக்கு கஷ்டம். நுனி தூரமா போகப் போக அதே 10 கிலோ உங்க முதுகுல பல மடங்கா எறங்கும். ராடு நீளமா இருந்தா மீனுக்கு வசதி, உங்களுக்கு இல்ல. பாப்பருக்கு வேற வழியில்ல, 7.5லேருந்து 8.5 அடி வேணும், இல்லன்னா 150 கிராம் பாப்பர் தூரம் போகாது. ஜிக்குக்கு 5லேருந்து 6.5 அடி. நின்னுட்டு ட்ரோலிங் மீன் இழுக்க ஐந்தரை அடி பக்கம், இந்த குட்டை ராடு பாணி சான் டியாகோலேருந்து பல நாள் போற படகுல பெரிய மஞ்சள் துடுப்பு சூரை புடிச்சவங்ககிட்டேருந்து பரவினது.

உயரம் கம்மியானவங்க, முதுகு வலி இருக்கிறவங்க 8.5 அடிய தொடாதீங்க. 7.5 அடில பி.ஈ. 6 எடுங்க, டிராக் 7 - 8 கிலோல வெச்சுக்கலாம், கொஞ்சம் மீன் போகும், ஆனா நாள் முழுக்க வீச முடியும். கனமான செட்ட வெச்சிட்டு காலைலயே கை ஓய்ஞ்சவருக்கு மத்தியானம் வர்ற மீன் கெடைக்காது.

ரோலர் கைடா, ரிங் கைடா? அடிக்கட்டை எப்படி இருக்கணும்?

நைலான் போட்ட 50, 80 ட்ரோலிங் ராடுக்கு ரோலர் நல்லது, ஆனா எண்ணெய் போடணும். உப்பு புடிச்சு சுத்தாத ரோலர் கத்தி மாதிரி, அதுக்கு சாதாரண ரிங்கே மேல். பிரெய்டுன்னா ரோலருக்கும் பக்கத்து தகடுக்கும் நடுவுல நரம்பு பூந்து அறுபடுற அபாயம் இருக்கு, அதுக்கு ஃபூஜி எஸ்.ஐ.சி. ரிங் போட்ட ராடு பாருங்க. ரிங்க வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பஞ்ச உள்ள விட்டு சுத்துங்க, எங்கயாவது நூல் மாட்டினா விரிசல் இருக்கு.

ராடு ஹோல்டர்லயோ நாற்காலிலயோ வெச்சு இழுக்கிறதுன்னா வளைஞ்ச அலுமினியம் கட்டை, நின்னு இழுக்கிறதுன்னா நேர் கட்டை. அடில சிலுவை மாதிரி வெட்டு இருக்கும், அது இடுப்பு பெல்ட் கப்புல ஒக்காந்து ராடு திரும்பாம புடிக்கும். ரெக்கார்டு ஆசை இருந்தா, நுனிப் பகுதி 40 அங்குலத்துக்கு கொறையக் கூடாது, ரீலுக்கு கீழ அடிப்பகுதி 27 அங்குலத்த தாண்டக் கூடாதுன்னு ஐ.ஜி.எஃப்.ஏ. விதி இருக்கு.

கிராஃபைட்டா, ஃபைபர் கிளாஸா?

வீச கிராஃபைட், இழுக்க கிளாஸ். கிராஃபைட் லேசு, ஆனா படகு விளிம்புல ஒரு தடவை நங்குன்னு இடிச்சா கண்ணுக்கு தெரியாத அடி பட்டு பெரிய மீன்ல போய் ஒடையும்.

ராடு ஏன் ஒடையுது?

பாதிக்கு மேல கோணம்தான் காரணம். மீன் படகுக்கு கீழ வந்ததும் ராட செங்குத்தா தூக்குறோம், அப்போ நுனி மட்டும் தலைகீழா மடங்கும், லோடு அடிப்பகுதிக்கு எறங்காது, டப்புன்னு போயிடும். ராடு அடிவானத்துலேருந்து 45 டிகிரிக்கு மேல ஏறாம பாத்துக்கங்க, இடுப்ப எறக்கி காலால தூக்குங்க. நடு ராட கையால புடிச்சு தூக்குற பழக்கம் கைத்தூண்டில்லேருந்து வர்றவங்களுக்கு நெறைய இருக்கு, அதுவும் ராட ஒடைக்கும்.

பட்ஜெட் கம்மி, எதுல சேமிக்கலாம்?

ஸ்டெல்லா எஸ்.டபிள்யூ., டாய்வா சால்டிகா எல்லாம் அருமையான ரீல், ஆனா பென் ஸ்லாமர் கிட்டத்தட்ட அதுல நாலுல ஒரு பங்கு வெலதான், கனம் ஜாஸ்தி, வேலைய முழுசா செய்யும். ஷிமானோ சாரகோசாவும் அப்படித்தான். ராடுல நடு ரகம் எடுக்கலாம். லூர் நாலு கம்மியா வாங்குங்க. ஆனா நரம்பு, லீடர், ஸ்விவல் (நரம்பு முறுக்காம சுத்துற இணைப்பு), முள்ளு, இந்த நாலுலயும் ஒரு ரூபாய் கூட மிச்சம் புடிக்காதீங்க, லட்ச ரூபா செட்டயும் அறுத்து விடுறது எம்பது ரூபா ஸ்விவல்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ட்ரோலிங் ரீல் தாராளமா வாங்கலாம், பல வருஷம் உழைக்கிற சாமான். தராச எடுத்துட்டே போங்க. டிராக்க 5 கிலோல வெச்சு நீளமா இழுத்து பாருங்க, கைப்பிடிய டக்குன்னு பின்னாடி திருப்பினா வழுக்குதான்னு பாருங்க, ஸ்பின்னிங்குன்னா லைன் ரோலர (நரம்பு திரும்பி ஸ்பூலுக்கு போற குட்டி உருளை) வெரலால சுத்துங்க, கரகரன்னா பேரிங் போயிடுச்சு. உள்ள திறந்து காட்ட மாட்டேன்னா விட்டுட்டு வந்துடுங்க.

கடல்லேருந்து வந்ததும் எப்படி கழுவறது?

டிராக்க லேசா இறுக்கிட்டு மேலாக நல்ல தண்ணிய தெளிங்க, பிரஷர்ல அடிச்சா உப்புத் தண்ணி உள்ள போயிடும். தொடச்சு காய வெச்சதும் டிராக்க முழுசா தளர்த்திடுங்க, லீவர் ரீல்னா ஃப்ரீல வெச்சுடுங்க, இல்லன்னா வாஷர் அமுங்கியே கெடந்து அடுத்த தடவை ஒட்டிக்கும்.

எங்க வேணா, என்ன வேணா புடிக்கலாமா?

கூடாது. அந்தமான்ல வண்டூர் பக்கம் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கு, நம்ம பக்கம் மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளும் 1986லேருந்து கடல் தேசியப் பூங்கா, அங்கெல்லாம் தூண்டில் எடுக்காதீங்க. திமிங்கிலச் சுறா மாதிரி சட்டம் பாதுகாக்குற மீன் தப்பி மாட்டினா நரம்ப வெட்டி விட்டுடுங்க. மயில் கோலாவ திரும்ப விடப் போறீங்கன்னா சர்க்கிள் முள்ளு போடுங்க, தொண்டைக்குள்ள போகாம வாய் ஓரத்துல மாட்டும். செட்டு போதுமான பலமா இருக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இதுதான், மெல்லிசு நரம்புல ஒரு மணி நேரம் இழுத்து சாகுற நெலமைல கொண்டு வந்த மீன விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம்.

சென்னைலேருந்து போர்ட் பிளேர் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்) ஃப்ளைட்ல ராடு கொண்டு போறது எப்படி?

ஒரே துண்டு ராட மறந்துடுங்க. ரெண்டு துண்டு, இல்ல அடிக்கட்டை மட்டும் கழட்டுற ராடா வாங்குங்க, கடினமான பி.வி.சி. குழாய்ல ரெண்டு பக்கமும் துணி அடைச்சு போடுங்க, குழாயோட நீளத்த புக் பண்ணும்போதே ஏர்லைன்ஸ்ல கேட்டு சொல்லிடுங்க, சின்ன விமானம்னா ஏத்த மாட்டாங்க. முள்ளு, லூர், பிளையர் எல்லாம் செக்-இன் பெட்டில. ரெண்டு பேரா போனா ஒரே மாதிரி பி.ஈ. ராடா எடுத்துட்டு போங்க, ஒருத்தரோடது ஒடைஞ்சா இன்னொருத்தர் ராட மாத்தி மாத்தி வீசலாம், ரீலும் அப்படியே பொருந்தும். ஒரு ஸ்பேர் ஸ்பூல்ல நரம்பு சுத்தி வெச்சுக்கங்க, லைன் ரோலர் ஒண்ணு, அந்த சூட்கேஸ் தராசு, இவ்ளோதான்.